பவர் குறைச்சுப் போடட்டோ, மிஸ்?

நான் வேலையை விட்டு ஓய்வுபெற்றுவிட்டேன் என்பது என்னிடம் வேலை பழகிய உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என் போனுக்குப் படம் அனுப்புகிறீர்கள். ஒரு பவர் சப்ளையின் படம். அதிலும் லேபல் பாதி வெட்டுப்பட்டு, மேலே லைட் வெளிச்சம் விழுந்து, ஒரு எழுத்தும் வாசிக்க முடியாத படம். கீழே ஒரேயொரு வரி: "மிஸ், இது ஓகேயா?" எதற்கு ஓகே? எந்தக் கொம்பியூட்டருக்கு? யார் வீட்டில் வைக்கப் போகிறார்கள்? அந்த வீட்டுச் சுவரில் எர்த் இருக்கிறதா? ஒன்றும் எழுதுவதில்லை. நான் என்ன சாத்திரமா பார்க்கிறேன்?

எரிச்சல் வருகிறது பிள்ளைகள், மறைக்க மாட்டேன். முப்பது வருடம் இந்த எரிச்சலோடுதான் வேலை செய்தேன். முதலில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையின் சேர்விஸ் பிரிவில், பிறகு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக ஒரு பெஞ்ச் போட்டு. இரண்டு இடத்திலும் சனங்கள் ஒரே மாதிரித்தான். துண்டு துண்டாகச் சாமான் வாங்கி, கொம்பியூட்டரைத் தாங்களே பூட்டப் போகிறோம் என்று வருவார்கள். பிரொசெசருக்கு ஒரு மாதம் யோசிப்பார்கள், கிராபிக்ஸ் கார்டுக்கு வெளிநாட்டில் இருக்கிற மச்சானைப் பிடிப்பார்கள், கலர் கலராக எரிகிற விசிறிக்கு அலைவார்கள். எல்லாம் வாங்கி முடிந்த பிறகு பையில் மிஞ்சியிருக்கிற சல்லிக்கு ஒரு பவர் சப்ளை. சுவரில் வருகிற கரண்டை மாற்றி அவ்வளவுக்கும் சாப்பாடு போடுகிறது அதுதான் என்று ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

வாங்கும்போதும் ஒரு கூத்து. கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்லதாம். ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. நானும் அப்படிச் சொல்லிக் கொடுத்தவள்தான். பிறகு ஒருநாள் நல்ல பாரமான ஒன்றைப் பழுதென்று கழற்றினேன். உள்ளே ஒரு இரும்புத் துண்டு, இரண்டு ஸ்க்ரூ போட்டு அழகாக இறுக்கியிருந்தது. ஒரு வயரும் அதற்குப் போகவில்லை. பாரத்துக்காக மட்டும் வைத்த இரும்பு. நாங்கள் தூக்கிப் பார்ப்பது எங்கேயோ அதைச் செய்கிறவனுக்கும் தெரிந்துவிட்டது. அன்றோடு அந்தப் பாடத்தை நிறுத்தினேன்.

உங்களுக்குச் சொல்லித் தந்த மற்றவை இன்னும் சரிதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற வாட்ஸை நம்பாதே. லேபலில் சின்ன எழுத்தில் பன்னிரண்டு வோல்ட் வரிசைக்கு எத்தனை அம்பியர் என்று பார், பன்னிரண்டால் பெருக்கு, பெரிய எழுத்துக்குக் கிட்ட வராவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வா. கேசிங்கோடு, அதாவது வெளிப்பெட்டியோடு, சும்மா வருவதை எடுக்காதே. எத்தனை வருட வாரண்டி என்று கேள், கேட்டதும் கடைக்காரர் கூரையைப் பார்த்தால் விளங்கிக்கொள். இதெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒருத்தி, இத்தனையும் தெரிந்துகொண்டே, தன் வாயாலேயே ஒரு வீட்டில் வெடி வைத்தாள். அது நான்தான். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். படம் அனுப்புகிறதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனையில் அன்ரன் என்று ஒருவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சாமானை எண்ணி எழுதுகிற வேலை. அவருடைய மகள் ஷெரின் கட்டட வரைபடம் கீறப் படித்தவள். வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் அவளுக்குச் சந்தர்ப்பம் வந்திருந்தது. ஆனால் முதலில் ஒரு டெஸ்ட். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவர்கள் அனுப்புகிற கட்டடத்தை அவள் தன் கொம்பியூட்டரில் நேரலையில் கீறிக் காட்ட வேண்டும். ஒரு தடவைதான். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்கு ஏற்ற மெஷின் வீட்டில் இல்லை. புதிதாக ஒன்று பூட்டியதாக வாங்க வசதியும் இல்லை. டொலர் ஏறி எல்லாச் சாமானும் ஆனை விலை குதிரை விலை விற்ற காலம். அதனால் அன்ரன் ஒவ்வொன்றாக வாங்கி, வீடியோ பார்த்துத் தானே பூட்டுவதென்று தீர்மானித்தார். கிராபிக்ஸ் கார்டை மட்டும் கனடாவில் இருக்கிற அவருடைய தங்கச்சி அனுப்பியிருந்தா. வீட்டிலேயே பெறுமதியான சாமான் அப்போது அதுதான்.

அவருக்கு யாரோ என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த ஆள் இன்றுவரை என் கையில் அகப்படவில்லை, அகப்பட்டால் இருக்கிறது.

பதினொரு போன் கோல், பிள்ளைகள். பவர் சப்ளை ஒன்றுக்கு மட்டும் பதினொரு கோல்.

"மிஸ், கேசிங் எடுத்தா பவர் சும்மா தாறாங்களாம்."

"சும்மா தாறதைச் சும்மாவே அங்க விட்டுட்டு வாங்கோ, அன்ரன்."

"சரி மிஸ். அப்ப நான் திருப்பிச் சொல்றன். கேசிங் எடுக்கிறன். சும்மா தாற பவரை எடுக்கேல்ல. தனியா வாங்கிறன். சரிதானே?"

இதுதான் அந்த மனிசனின் பழக்கம். நான் என்ன சொன்னாலும் முழுவதையும் திருப்பிச் சொல்லுவார். துறைமுகத்தில் அப்படித்தானாம். கப்பல் பக்கத்து ஆள் ஒரு எண்ணைச் சொன்னால், கரைப் பக்கத்து ஆள் அதைத் திருப்பிச் சொல்லி, இரண்டும் ஒன்றானால்தான் பேனை தாளில் படும். அவருக்கு அது முப்பது வருடப் பழக்கம். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். கையில் சூடான சோல்டரிங் அயனைப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்குள் போனைச் செருகிக்கொண்டு, நான் சொன்னதையே நான் திரும்பக் கேட்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம், ஓம், ஓம்" என்பேன்.

ஏழாவதோ எட்டாவதோ கோலில் ஒரு கேள்வி கேட்டார். "மிஸ், வாட்ஸ் எண்டு பெட்டியில போட்டிருக்கே, அதுவும் லைட் பில்ல வாற வாட்ஸும் ஒண்டோ?"

"ஒண்டுதான்," என்றேன். வைத்துவிட்டேன்.

வாட்ஸ் என்றால் வாட்ஸ்தான், நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. அறுநூற்றைம்பது வாட்ஸ் பெட்டியைப் பூட்டினால் அது அறுநூற்றைம்பதையும் எந்நேரமும் குடித்துக்கொண்டே இருக்குமா என்றுதான் அந்த மனிசன் பயந்திருக்கிறார். அப்படி இல்லை, மெஷினுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் இழுக்கும், பெரிய பெட்டி வாங்கினால் பில் ஏறாது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்த நாட்களில் கரண்ட் பில்லை நினைத்துச் சனங்கள் ஃபேனைக்கூட நிறுத்திப்போட்டு வியர்த்துக்கொண்டு இருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீட்டில் அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

டெஸ்ட்டுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. அன்ரன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே பவர் வாங்கக் கிளம்பிவிட்டார். மற்ற எல்லாம் வீட்டில் பூட்டி ரெடி, அது ஒன்றுதான் பாக்கி. பத்து மணிக்குக் கடையிலிருந்து ஒரு கோல். நான் சொன்ன பவர் ஸ்டொக் இல்லையாம். வேறு ஒன்று காட்டுகிறார்களாம். மூன்று வருட வாரண்டி என்றார். அம்பியரைக் கேட்டேன், வாசித்தார், கணக்குச் சரியாக வந்தது. "யோசிச்சுப் பார்த்து எடுங்கோ" என்று சொல்லி வைத்தேன்.

அந்த இடத்தில் ஒரு விதி விட்டுப்போனது. பவர் சப்ளையின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தால், அந்தப் பக்கமே போகாதே. ஒரு பக்கம் தள்ளினால் 230 என்று காட்டும், மறுபக்கம் தள்ளினால் 115. எங்கள் நாட்டுக் கரண்ட் 230. பாதி வோல்ட் ஓடுகிற தூர தேசங்களுக்காக வைத்தது மற்றது. இப்போது வருகிற ஒழுங்கான பவர் சப்ளைகள் எந்தக் கரண்ட் வந்தாலும் தாங்களே அறிந்துகொள்ளும், சுவிட்ச் தேவையில்லை. சுவிட்ச் இருக்கிறது என்றால் உள்ளே இருப்பது பழைய காலத்து வேலை. இதை அன்ரனுக்கு நான் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அதையும் திருப்பிச் சொல்லுவார் என்றுதான். வேறு காரணம் தேடி உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பதினோராவது கோல். என் முன்னால் ஒரு டிராவல் ஏஜென்சி முதலாளி நின்று மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மெஷின் காலையிலிருந்து செத்துக் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கவில்லை என்று என்னைக் கொலைகாரி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடிக்கிறது. பார்த்தால் அன்ரன். கடவுளே என்று எடுத்தேன்.

"மிஸ், இதில ரெண்டு இருக்கு. கூடினது ஒண்டு, குறைஞ்சது ஒண்டு. பவர் குறைச்சுப் போடட்டோ?"

என் மனதில் அவர் இன்னும் கடையில் நிற்கிறார். முன்னால் இரண்டு பெட்டி, ஒன்று அறுநூற்றைம்பது, மற்றது ஐந்நூறு.

"குறைஞ்சது காணும், அன்ரன். மகளின்ட வேலைக்கு அது தாராளம்."

"மெஷினுக்கு ஒண்டும் ஆகாதே?"

"ஏன் ஆகப் போகுது? எத்தினை தரம் சொல்றது உங்களுக்கு!"

"பில்லும் குறையும் தானே, மிஸ்?"

"குறையாம? குறையும்தான். போடுங்கோ, போட்டுட்டு வேலையைப் பாருங்கோ."

"சரி மிஸ், அப்ப நான் ஒருக்காத் திருப்பிச் சொல்றன், நான் வந்து இந்தச் சி..."

வெட்டிவிட்டேன். பிஸி என்றால் அப்படி ஒரு பிஸி. பெரிய ராணி மாதிரி போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த நேரம் அன்ரன் கடையில் இல்லை. பவர் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பூட்டி முடித்து, முன் அறையில் முழங்காலில் இருந்தபடி, பேனை முனையைச் சிவப்பு சுவிட்சில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் கேட்டிருக்கிறார். கூடினது 230. குறைஞ்சது 115; அதில் வைத்து எங்கள் சுவரில் செருகினால் இரண்டு மடங்கு வோல்ட் ஏறி வெடிக்கும். அவர் சொன்ன பில், லைட் பில். நான் சொன்ன பில், கடைப் பில். பவர், போடுறது, பில் என்று மூன்று சொல்லிலும் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றிருக்கிறோம். அவர் திருப்பிச் சொல்லத் தொடங்கிய அந்த வசனத்தை முடிக்க விட்டிருந்தால், "சிவப்பு சுவிட்ச்" என்ற சொல் என் காதில் விழுந்திருக்கும். முதல் எழுத்தோடு வெட்டினவள் நான்.

இரண்டு மணி போல் கீழே ஓட்டோ ஒன்று வந்து நின்றது. "மல்லி, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் ஓட்டோக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலில் விரிக்கிற சீட் ஒன்றில் சுற்றிய கேசிங்கைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு அன்ரன் படியேறி வந்தார். பின்னால் ஷெரின். தலை ஈரம், கண் சிவப்பு. அவர்களுக்கு முன்னால் அந்த மணம் வந்துவிட்டது. உங்களுக்கும் ஒருநாள் பழகிவிடும், கபாசிட்டர் வெடித்த மணம். சோறு அடிப்பிடித்தால்கூட அப்படி நாறாது.

"பட்டாசு மாதிரி வெடிச்சது மிஸ்," என்றாள் ஷெரின். "நான் குளிச்சிட்டு வாறதுக்குள்ள டடா பட்டனை அமத்திட்டார். வீடு முழுக்கப் புகை. நாளைக்கு ஒம்பது மணிக்கு எனக்கு டெஸ்ட். அதுக்குள்ள இது வருமா? கார்ட் போயிருந்தா என்ன செய்றது? கனடா மாமிட்ட என்னத்தைச் சொல்றது?"

அன்ரன் அதை என் பெஞ்சில் இறக்கி வைத்தார். நான் கேசிங்கைத் திருப்பினேன். சிவப்பு சுவிட்ச் 115இல் இருந்தது. "இதை ஆர் மாத்தினது?" என்று கேட்டேன். கேட்டு முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. கூடினது ஒண்டு, குறைஞ்சது ஒண்டு.

"இவர்தான்!" என்றாள் ஷெரின். "ஆரைக் கேட்டு மாத்தினீங்கள் டடா? ஆர் மாத்தச் சொன்னது?"

அன்ரன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒருத்தரையும் கேக்கேல்ல," என்றார். "நானாத்தான். பில் குறையுமெண்டு நினைச்சனான்."

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். முதலில் மெஷினைக் காப்பாற்றுவோம், கதை பிறகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம்தான். பயந்தவர்களுக்கு நியாயத்துக்கா பஞ்சம்? உண்மை என்னவென்றால் வெட்கம். அந்தப் பெட்டையின் முன்னால், இத்தனை வருட அனுபவம் என்று சுவரில் சட்டிபிக்கேட் தொங்கவிட்டிருக்கிற பெஞ்சில் இருந்துகொண்டு, வெடிக்க வைத்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பவர் முடிந்த கதை. ஆனால் அது சாகும்போது மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போயிற்றா என்பது தெரியாது. என் சுவர்த் தட்டில் கேசிங்கோடு வந்த பவர் நாலைந்து கிடந்தன. ஷெரின் அதைப் பார்த்துவிட்டாள். "அதில ஒண்டைப் போட்டுப் பாருங்கோ மிஸ், பிளீஸ். நாளைக்கு ஒரு நாள் ஓடினாக் காணும்." கெஞ்சினாள். உங்களிடமும் இப்படித்தான் கெஞ்சுவார்கள். ஒரு நாள் ஓடினால் காணும், ஒரு மணித்தியாலம் ஓடினால் காணும். அழுகிற ஆளின் முன்னால் "முடியாது" என்று சொல்வது வாரண்டி பார்ப்பதைவிடக் கஷ்டம். ஆனால் சொல்ல வேண்டும். அடிபட்டுக் கிடக்கிற மெஷினுக்குச் சந்தேகமான பவரைக் கொடுத்தால், பிறகு எது எதைக் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக் காலை டெஸ்ட் நடுவில் அது போனால் அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது.

"முடியாது," என்றேன். என் பெஞ்ச் மெஷினை நிறுத்தி, அதிலிருந்த பவரைக் கழற்றினேன். நான் பார்த்துப் பார்த்து வாங்கியது. சுவிட்ச் கிடையாது. முன்னால் நின்ற டிராவல் ஏஜென்சி முதலாளி, "அப்ப என்ட மெஷின்?" என்றார். "உங்கட மெஷின் திங்கட்கிழமை," என்றேன். "நான் காலையில இருந்து நிக்கிறன்!" என்று கத்தினார். "கதிரை இருக்கு, இருங்கோ," என்றேன். அவர் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த ஏஜென்சி பிறகு என்னிடம் வரவே இல்லை, போகட்டும்.

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே வைத்தேன். முதலில் போர்டைச் சோதித்து, பிறகு கார்ட் இல்லாமல் ஓட விட்டு, கடைசியில்தான் கார்ட். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அவ்வளவு நேரமும் ஷெரின் தகப்பனை ஏசிப் பேசினாள். கெட்ட பிள்ளை இல்லை அவள். பயத்தில் பேசுகிறாள். "டடாக்கு ஒண்டும் விளங்காது, ஆனா எல்லாத்தையும் நோண்டோணும். இனி என்ட சாமான் ஒண்டையும் தொடாதீங்கோ. உங்களுக்குத் தெரியாததைச் செய்ய ஆர் சொன்னது?" அன்ரன் கதிரையில் இருக்கவே இல்லை. அந்தக் கட்டில் சீட்டை மடித்து, விரித்து, திரும்ப மடித்துக்கொண்டு மூலையில் நின்றார். பதினொரு கோல் எடுத்த மனிசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கார்ட் பிழைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். அதை நிறுத்த எனக்கு ஒரு வசனம் போதும். ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பூட்டினேன், அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

நாலரைக்கு மெஷின் எழும்பியது. கார்டும் பிழைத்திருந்தது. பழைய மெஷினிலிருந்து கழற்றிப் பூட்டியிருந்த டிஸ்கில் ஷெரினின் வரைபட சொஃப்ட்வெயர் இருந்தது, அதைத் திறந்து, ஒரு பெரிய கட்டடத்தைச் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு தடங்கலும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். இனிச் சொல்ல முடியும் போல் இருந்தது. மெஷின் எழும்பிய பிறகு சொல்வதற்குப் பெரிய தைரியம் ஒன்றும் வேண்டியதில்லை, அதையும் கவனியுங்கள்.

"ஷெரின்," என்றேன், "டடா நோண்டேல்ல. பன்னிரண்டரைக்கு எனக்குக் கோல் எடுத்துக் கேட்டவர். குறைச்சுப் போடட்டோ எண்டு. நான்தான் போடச் சொன்னனான். அவர் சொன்னது எனக்கு விளங்கேல்ல, விளங்கிக்கொள்ளுறதுக்கு நான் பொறுமையா இருக்கவும் இல்ல. பிழை என்ட."

ஷெரின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினேன். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். "ஏன் டடா சொல்லேல்ல? இவ்வளவு நேரமும் நான் பேசப் பேச நிக்கிறீங்கள். ஏன் சொல்லேல்ல?"

"மிஸ் பிஸியா இருந்தவ, மகள்," என்றார் அன்ரன். "நான்தான் வடிவாக் கேக்கேல்ல."

வடிவாக, தெளிவாகக் கேட்காத மனிசனாம்! இந்தக் கொழும்பில் என்னிடம் வடிவாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கத்த வேண்டும் போல் இருந்தது, என்னைப் பார்த்து. என் பவரை அதிலேயே விட்டு மூடி, சீட்டில் சுற்றிக் கொடுத்தேன். விலை கேட்டார். "சும்மா போங்கோ அன்ரன்" என்று கிட்டத்தட்டத் துரத்தினேன். ஓட்டோக்காரர் கீழே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் நடந்தது. ஷெரினுக்கு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே மெசேஜ் அனுப்பினாள்.

அந்தக் கிழமையிலிருந்து வேலையை விடும் வரை, போனில் யார் என்ன கேட்டாலும் முதலில் ஒன்றுதான் கேட்டேன். "இப்ப எங்க நிக்கிறீங்கள்?" கடையிலா, வீட்டிலா? அது ஒன்றைக் கேட்டிருந்தால் அன்றைக்குப் போதும். பிறகு அவர்கள் எதை "பவர்" என்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டியையா, சுவிட்சையா, சுவரில் வருகிற கரண்டையா, வாட்ஸையா? எங்கள் ஊரில் மூக்குக்கண்ணாடிக்கும் பவர்தான். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களாகவே திருப்பிச் சொன்னால், கையில் என்ன வேலை இருந்தாலும், முன்னால் எந்த முதலாளி நின்றாலும், கடைசிச் சொல் வரும் வரை போனை வைக்காதீர்கள். நல்ல பவர் சப்ளை வாங்கச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. அவற்றில் ஒன்றாலும் அன்ரன் சொல்லி முடிப்பதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. நான் கேட்டிருக்கலாம்.

ஆறேழு மாதம் கழித்து ஷெரின் யூ.பி.எஸ். ஒன்று பார்க்க என்னிடம் வந்தாள். தனியாக வந்திருந்தாள்.

"டடா எங்க? வாங்க முதல் பத்துத் தரம் எனக்குக் கோல் வந்திருக்கோணுமே," என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "டடா இப்ப மெஷினுக்குக் கிட்டவும் வாறேல்ல மிஸ். நான் மன்னிப்புக் கேட்டு, எத்தினை தரம் கூப்பிட்டும் பார்த்திட்டன். அதை ஓன் பண்ணவும் என்னைத்தான் கூப்பிடுறார். முந்தி ரேடியோ, ஃபேன், உடுப்பு அயன் எல்லாம் கழட்டிப் பூட்டுவார். இப்ப பல்ப் மாத்தவும் ஆளைக் கூப்பிடுவம் எண்டுறார்."

அவள் படியிறங்கிப் போனாள். பிறகு அன்ரனின் நம்பரைத் தேடி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானே அவருக்குக் கோல் எடுத்தேன். உடனே எடுத்தார்.

"மிஸ்! சொல்லுங்கோ மிஸ்."

"ஒண்டுமில்ல அன்ரன். நீங்கள் இப்ப கோல் எடுக்கிறதே இல்ல. யூ.பி.எஸ். வாங்கப் போறீங்கள். அதைப் பற்றி என்னட்ட ஏதும் கேக்கோணுமோ எண்டு பார்த்தன். இப்ப நான் சும்மாதான் இருக்கிறன். எவ்வளவு நேரமெண்டாலும் கேளுங்கோ."

அவருக்குப் பின்னால் துறைமுகத்து லொறி ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"கேக்க ஒண்டும் இல்ல மிஸ்," என்றார். "நீங்கள் சொல்றதே சரி."